முட்டியும் போத்தலும்

அண்மைக் காலமாக நம்மிடையே ஒரு புதிய ரசனை தலையெடுத்திருக்கிறது. வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரும், கொழும்பிலே உயர்ந்த உத்தியோகம் பார்க்கும் நண்பரும் ஒன்றுகூடும் இடங்களில் அதுவே பேச்சு. பெருந்தொழிற்சாலைகளின் பியரை அவர்கள் இப்பொழுது மதிப்பதில்லை. சிறிய ஆலைகளிலே, சிறிய அளவிலே, கைப்பக்குவம் அறிந்தவர் ஆக்கும் பியரே பியர் என்கின்றனர். அதிலும் எளிதிற் கிடைக்காத ஒன்று கைக்கு வந்துவிட்டாற் கேட்க வேண்டியதில்லை. போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கின்றனர், நுரையை முகர்கின்றனர், ஒரு மிடற்றை நாவிலே நிறுத்திக் கண்ணை மூடுகின்றனர். பின்னர் புகழுரை தொடங்குகிறது.

இந்த ரசனையை எள்ளி நகையாடுவது நமது நோக்கமன்று. உழைப்பாளியின் கைத்திறனை மதிப்பது எங்கே நிகழ்ந்தாலும் நல்லதே. பெல்ஜியம் நாட்டில் வெஸ்ட்வ்லெட்டரன் என்னும் சிற்றூரிலுள்ள புனித சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் ஆக்கும் பியர், உலகிலே கிடைத்தற்கரியவற்றுள் ஒன்று எனப் பெயர் பெற்றது. நெடுங்காலமாக அதனை அவர்கள் கடைகளுக்கு அனுப்பாதிருந்தனர். முன்பதிவு செய்துகொண்டவர் மடத்தின் வாசலுக்கே சென்று, அளவாகக் கொடுக்கும் பெட்டிகளைப் பெற்று வருவதே நெடுங்கால வழக்கமாயிருந்தது. தேவை பெருகியது என்பதற்காகத் துறவிகள் உற்பத்தியைப் பெருக்கவில்லை. மடம் வாழ்வதற்கு வேண்டிய அளவு போதும் என்பது அவர்கள் கொள்கை. 2011, 2012ஆம் ஆண்டுகளில், மடத்துக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் செலவுக்காக ஒரு தொகுதி வெளியே விற்கப்பட்டது. அதே நாட்டில் பிரசெல்ஸ் நகரைச் சூழ்ந்த பகுதியில் லம்பிக் என்றொரு பியர் உண்டு. அதற்கு ஆய்வுகூடத்தில் வளர்த்த மதுவம் இடப்படுவதில்லை. காய்ச்சிய தானியச் சாற்றை அகன்ற திறந்த பாத்திரத்தில் இரவு முழுவதும் ஆறவிடுகின்றனர். காற்றிலும் கட்டடத்திலும் குடியிருக்கும் நுண்ணுயிர்களே வந்து அதனைப் புளிக்க வைக்கின்றன. 2016ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்துக்கொண்டது. நல்லது, சேர்க்கட்டும்.

ஆனால், இந்தப் புகழுரைகளைக் கேட்கும்போது நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. கைப்பக்குவம் வேண்டும், அளவு சிறிதாக வேண்டும், இயந்திரமும் இரசாயனமும் தீண்டலாகாது, இயற்கையிலுள்ள மதுவமே புளிக்கவைக்க வேண்டும், ஆக்கிய இடத்திலேயே பருகவேண்டும், எளிதிற் கிடைத்தலாகாது. இவைதாமே சிறந்த மதுவின் இலக்கணங்கள்? இந்த இலக்கணங்கள் அனைத்தும் பொருந்திய ஒரு மது நமது ஊரிலே, நமது தலைக்கு மேலே, முட்டிகளில் ஊறிக்கொண்டிருக்கிறது. அதனை ஏன் ஒருவரும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பதில்லை?

மன்னார்த் தீவிலிருந்து பாலம் கடந்து பெருநிலத்துக்கு வந்து, திருக்கேதீச்சரத்தையும் தாண்டிச் சென்றால், கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் நெல்வயல்களின் நடுவே அடம்பன் இருக்கிறது. வயலுக்கு இந்தப் பக்கமும் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்த வட்டாரம் முழுவதற்கும் எல்லைக்கல் பனைதான். விடிவதற்கு முன்னரே தளைநாரும் பாளைக் கத்தியும் முட்டியுமாகப் புறப்படும் ஒருவரை இங்கே இன்னும் காணலாம். அவர் செய்யும் வேலையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது; ஏனெனில், அவர் இறக்கியதைக் குடித்தவர்களிற் பலர் அதனை ஒருநாளும் கேட்டறிந்ததில்லை.

பனையின் பாளை விரியுமுன் அதனைக் கட்டிப் பதப்படுத்த வேண்டும். ஆண்பனைக்கு ஒரு பக்குவம், பெண்பனைக்கு வேறொரு பக்குவம். பாளையை நசுக்காமல் நாளடைவில் இளக்க வேண்டும். அதன் பின்னரே நுனியைச் சீவலாம். மெல்லிய தகடாகச் சீவவேண்டும். தடிப்பாகச் சீவினாற் பாளை சில நாளிலே தீர்ந்துபோம். போதாமற் சீவினால் ஊற்று அடைபடும். காலையும் மாலையும் ஏறிச் சீவி, முட்டியை மாற்றவேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டாலும் பாளை வரண்டுவிடும் என்ற அச்சம் உண்டு. ஆதலால் திருவிழா இல்லை, காய்ச்சல் இல்லை, மழை வந்தாலும் ஓய்வு இல்லை. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது கருப்பநீர். அதனைக் காய்ச்சினாற் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசாவிட்டால் இறங்குவது கள். ஊறத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே, முட்டியிலும் காற்றிலுமுள்ள மதுவமும் பற்றீரியாக்களும் அதன் இனிப்பை மதுவாக்கிவிடுகின்றன. காலையில் இனிப்பு, நண்பகலிற் காரம், மறுநாட் புளிப்பு. பின்னர் அது வினாகிரிதான். பிரசெல்ஸ் நகரத்து ஆலையிலே வியந்து காட்டப்படும் அதே செயல், இங்கே ஒவ்வொரு பனையின் உச்சியிலும், எவரும் வியவாமல், தினந்தோறும் நிகழ்கிறது.

அப்படியாயின் வேற்றுமை எங்கே இருக்கிறது? மதுவில் இல்லை. ஆக்கியவன் யார் என்பதில் இருக்கிறது. அங்கே ஆக்கியவர் துறவி. அவருடைய மடத்தின் பெயரால் அந்தப் பியர் அறியப்படுகிறது. இங்கே ஆக்கியவருக்குப் பெயரில்லை. குலப்பெயர் மட்டுமே உண்டு, அதுவும் வசைச்சொல்லாக. நமது சமூகத்தின் விசித்திரத்தை எண்ணிப் பாருங்கள். அவர் கையாற் சீவி, அவர் கையால் இறக்கி, அவர் கையால் வார்த்த கள்ளைப் பிளாவில் ஏந்திக் குடிப்பதற்கு ஆசாரம் தடையாயிருக்கவில்லை. குடித்தவரின் வீட்டுக் கிணற்றில் அவர் நீர் அள்ளுவதற்குத்தான் ஆசாரம் குறுக்கே நின்றது. கள்ளுக்குத் தீட்டில்லை, கள்ளிறக்கியவனுக்குத் தீட்டு! இந்தத் தருக்கத்தை உலகத்தின் எந்தத் தருக்க நூலிலும் காணமுடியாது.

இது பழங்கதை என்று சிலர் கூறுவர். 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது உண்மை. சட்டம் வந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலே சாதிக்கொரு பாத்திரம் இருந்ததும் உண்மையே. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த ஆலயப் பிரவேச, தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும், சட்டப் புத்தகத்திலிருந்த உரிமையைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. அந்தப் போராட்டங்களிற் கலந்துகொண்டவர்களுள் பனையேறி வாழ்ந்த குடும்பத்தவர் பலர். கே. டானியலின் நாவல்களைப் படித்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. மன்னார் யாழ்ப்பாணமன்று என்று நாம் ஆறுதல் கொள்வதிலும் பொருளில்லை. இந்த வட்டாரத்துப் பாடசாலைகளிலே மாணவர் விபரப் படிவத்தை நிரப்பும் நாளில் ஓர் ஆசிரியர் கண்டறியக்கூடியது ஒன்றுண்டு. தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதும் பிள்ளை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுகிறது. 'கடற்றொழில்' என்பதும் தயங்காமல் வருகிறது. பனையேறுபவரின் பிள்ளை மட்டும் 'கூலி' என்று எழுதிவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைக்கிறது. அந்தப் பிள்ளைக்கு வெட்கத்தைக் கற்பித்தது யார்? நாம் அனைவரும் சேர்ந்தே கற்பித்தோம்.

சமூகம் இழிவுபடுத்தியது போதாதென்று அரசும் தன் பங்கைச் செய்தது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் பின்னர், அனுமதிப்பத்திரம் இல்லாமற் பாளை சீவுவதும் கள்ளை விற்பதும் குற்றமாயின. ஆங்கில ஆட்சிக்குக் கள் ஒரு வருமான வழி. தவறணைக் குத்தகைக்காரருக்கு அது செல்வ வழி. மரத்தில் ஏறியவருக்கோ அது அன்றாடக் கூலி. 1972ஆம் ஆண்டளவில், குத்தகை முறைக்குப் பதிலாகச் சீவற்றொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியமை பெரியதொரு முன்னேற்றம். இடையிலே நின்றவர் விலக, இறக்கியவரே விற்பனையில் உரிமை பெற்றனர். பனை அபிவிருத்திச் சபைக்கான சட்டமும் 1975ஆம் ஆண்டில் வந்தது. இவற்றை நாம் மறக்கவில்லை. ஆனால் அதன் பின்னர் வந்தது போர். பனைகள் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்டன, எறிகணைகளால் தலையிழந்தன. 2008ஆம் ஆண்டு மே மாதத்தில் அடம்பனும் போரின் வாயில் அகப்பட்டது. மக்கள் கிழக்கு நோக்கி ஊரூராக இடம்பெயர்ந்தனர். மீண்டு வந்தவர்கள் வயலைத் திருத்தினர், வீட்டைக் கட்டினர். பனையை அப்படித் திருத்தமுடியாது. வடலி வளர்ந்து பாளை தள்ளுவதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் வேண்டும்.

பனை வளரக் காத்திருக்கவேண்டும். பியர் வரக் காத்திருக்க வேண்டியதில்லை. போர் முடிந்து பாதை திறந்ததும் போத்தல் ஏற்றிய வாகனங்கள் வடக்கை நோக்கி வந்தன. பியர் இந்த மண்ணில் விளைந்த பண்டமன்று. 1849ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் தொடங்கிய ஆலையோடு இந்நாட்டில் அதன் வரலாறு ஆரம்பமாகிறது. அதற்கு வேண்டிய வாற்கோதுமை இன்றும் கப்பலிலேதான் வருகிறது. ஆயினும், 2017ஆம் ஆண்டு நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்திலே பியரின் மீதான வரி குறைக்கப்பட்டபோது, கடும் மதுவிலிருந்து மக்களை மென்மையான மதுவின் பக்கம் திருப்புவது நோக்கம் எனக் காரணம் கூறப்பட்டது. மென்மைதான் அளவுகோல் என்றால் நாமும் அளந்து பார்ப்போம். கள்ளிலே மதுசாரம் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு வரை. சாதாரண பியரில் ஏறக்குறைய ஐந்து. 'ஸ்ட்ரோங்' என்று விற்கப்படும் பியரில் 8.8. சாராயத்தில் முப்பதுக்கு மேல். இந்த வரிசையிலே மென்மையான பண்டம் எது? அதை இறக்குபவர் அனுமதிப்பத்திரத்துக்காக அலுவலகப் படிகளில் ஏறுகிறார், பனையிலும் ஏறுகிறார். போத்தலை விற்பவருக்கோ குளிரூட்டிய அலமாரி காத்திருக்கிறது.

தலைமன்னாருக்கு எதிர்க்கரையிலே நிகழ்ந்ததையும் நாம் படிப்பினையாகக் கொள்ளவேண்டும். தமிழ்நாட்டில் 1987ஆம் ஆண்டிலிருந்து கள் இறக்குவது தடை செய்யப்பட்டிருக்கிறது. அதே தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் சில்லறை மது விற்பனையை அரசின் நிறுவனமாகிய டாஸ்மாக்கே ஏற்று நடத்திவருகிறது. பனையை மாநில மரம் என்று போற்றுவர். அதன் பாளையைச் சீவுபவனைக் கைது செய்வர். ஆலை மதுவை அரசே விற்கும். இந்த ஏற்பாட்டினால் ஏழையின் குடி நின்றதா? 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியிலே மெதனோல் கலந்த கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்ட ஏழைகள் மாண்டனர். அயலிலேயே கேரளம் வேறொரு வழியைக் காட்டுகிறது. அங்கே கள்ளுக்கடைக்குச் சட்டத்தின் இடம் உண்டு. கள்ளுத் தொழிலாளர் சேமநிதிக்கென 1969ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதனால் கேரளம் சொர்க்கமாகிவிட்டது என்று நாம் கூறவில்லை. தொழிலாளியைத் தொழிலாளி என்று ஒரு சட்டம் அழைப்பதற்கும், குற்றவாளி என்று மற்றொரு சட்டம் அழைப்பதற்கும் உள்ள வேற்றுமையைத்தான் சுட்டுகிறோம்.

இங்கே ஒரு கண்டனம் எழும் என்பதை அறிவோம். "கல்வி புகட்டும் வாயாற் கள்ளுக்கு வக்காலத்தா? வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தாரே, பெரியார் தமது தென்னைகளையே வெட்டிச் சாய்த்தாரே" என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. குடி எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதை அடம்பனில் எந்தத் தாயிடம் கேட்டாலும் சொல்லுவார். மாலையில் தந்தையின் காலடி ஓசையைக் கேட்டு, அதன் தடுமாற்றத்தால் அன்றைய இரவைக் கணிக்கும் பிள்ளைகள் வகுப்பறைகளில் இருக்கின்றனர். குடிக்க வாருங்கள் என்று நாம் எவரையும் அழைக்கவில்லை. ஆனால் வள்ளுவர் கள்ளைத்தான் கடிந்தார், பியரை மன்னித்தார் என்று பொருள் கொள்வது புதுவகை உரையன்றோ? சங்கச் சான்றோர் கள்ளையும் தேறலையும் கூசாமற் பாடினர். வள்ளுவர் ஓர் அதிகாரத்திலே அதனைக் கடிந்து, காமத்துப்பாலிலே அதனையே உவமையாகவும் எடுத்தாண்டார். நமது மரபு ஒரே குரலில் பேசவில்லை. ஆயினும் ஒன்று தெளிவு: முட்டியில் இருந்தாற் பாவம், போத்தலில் இருந்தாற் கலை என்று அந்த மரபு ஒருபொழுதும் சொன்னதில்லை. விலக்குவதாயின் இரண்டையும் விலக்குங்கள். அனுமதிப்பதாயின் இரண்டையும் ஒரே துலாக்கோலில் நிறுங்கள்.

இன்னொரு சாராரும் உளர். அவர்கள் நமது கட்சியினர் போலப் பேசுவர். ஆகையால் அவர்களிடம் மேலும் எச்சரிக்கை வேண்டும். "அழிந்துவரும் கலை, அருமையான மரபு, பனையேறும் குடும்பங்கள் இதனைக் கைவிடலாகாது" என்பர். புகைப்படம் எடுப்பர். உல்லாசப் பயணிகளுக்கு இயற்கை மது என்று விளம்பரம் செய்யவும் முன்வருவர். நிலத்தில் நின்றுகொண்டு மேலேயிருப்பவனைப் பார்த்து மரபைப் பேணு என்று சொல்வது மிகவும் எளிது. பனையின் உயரம் எண்பது அடி, நூறடி. தளைநார் அறுந்தால், மழையில் ஈரமான மரம் வழுக்கினால், முள்ளந்தண்டு முறிந்து வாழ்நாள் முழுவதும் பாயிற் கிடக்கவேண்டியவர் மரபன்று, மனிதர். அவருடைய மகன் பாடசாலைக்கு வந்து, கணிதம் கற்று, வேறொரு தொழிலை நாடினால் அது அழிவன்று, விடுதலை. அந்த விடுதலையைத் தடுக்கும் எந்த மரபுப் பற்றும் சாதியின் மறுபெயரே.

ஆதலால், கள் அரிதாகி வருகிறது என்று ரசிகர் வருந்தும்போது, ஏன் அரிதாகிறது என்று நாம் கேட்கவேண்டும். துறவிமடத்துப் பியர் அரிதாயிருப்பது ஆக்குபவரின் விருப்பத்தால். அவர்கள் வேண்டுமென்றே அளவோடு நிற்கின்றனர். பனங்கள் அரிதாவது ஆக்குபவரின் விரக்தியால். உழைப்புக்குத் தகுந்த விலையில்லை, உயிருக்குக் காப்பில்லை, பெயருக்கு மதிப்பில்லை, பிறகு ஏன் ஏறவேண்டும்? முன்னது சுதந்திரமுள்ளவன் வகுத்த அளவு. பின்னது இழிவு தாங்காதவன் விட்டுச் சென்ற வெறுமை. இரண்டையும் 'அரிது' என்ற ஒரே சொல்லால் அழைத்து நாவிலே சுவைப்பது, அறியாமையானால் திருத்தப்பட வேண்டும். அறிந்தே செய்வதானாற் கண்டிக்கப்பட வேண்டும்.

நாம் வேண்டுவன இவை. பாளை சீவும் உரிமை கூட்டுறவுச் சங்கத்தின் ஊடாக எளிதிற் கிடைக்க வேண்டும். அதற்காக எவரும் எவர் முன்னும் கைகட்டி நிற்கலாகாது. மரத்தடி விலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வொரு சங்கமும் உறுப்பினர் முன் வெளிப்படையாக வைக்கவேண்டும். ஏறுபவர் ஒவ்வொருவருக்கும் விபத்துக் காப்புறுதியும், ஏறமுடியாத வயதில் ஓய்வூதியமும் வேண்டும். ஏறுவதற்கான பாதுகாப்புச் சாதனங்கள் கண்காட்சிப் பொருளாக நின்றுவிடாமல் ஊருக்கு வரவேண்டும். கள்ளைப் பழுதாகாமற் போத்தலில் அடைக்கும் அறிவு நாட்டிலே இருக்கிறது. அது மன்னார்ச் சங்கங்களுக்கும் பரவவேண்டும். கருப்பநீர் காய்ச்சிப் பனங்கட்டி வார்க்கும் பெண்களின் உழைப்பும் தொழிலாகக் கணக்கிடப்பட வேண்டும். குடியை விரும்பாத சமூகத்துக்குப் பனை தரும் விடையும் அவர்களின் அடுப்பிலேதான் இருக்கிறது. வீழ்ந்த பனைகளுக்கு ஈடாக வடலிகள் வளர்க்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது எவரும் விரும்பிப் பயிலக்கூடிய தொழிலாக வேண்டும். வெள்ளாண்மை செய்பவரின் மகன் பயிற்சி பெற்றுப் பனையேறவும், பனையேறுபவரின் மகள் அந்தக் கள்ளை ஆய்வுகூடத்தில் ஆராயவும் இயலும் நாளில்தான் இந்தத் தொழில் சாதியிலிருந்து விடுபட்டதாகும்.

கிடைத்தற்கரிய மதுவைத் தேடி நாடு நாடாகச் செல்லும் நண்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. மன்னாருக்கு வாருங்கள். பிளாவை ஏந்துவதும் ஏந்தாததும் உங்கள் விருப்பம். ஆனால் மணத்தையும் நுரையையும் பற்றிப் பேசுமுன், இறக்கியவரின் பெயரைக் கேளுங்கள். அவர் அன்று எத்தனை மரம் ஏறினார், முட்டிக்கு என்ன பெற்றார், விழுந்தால் அவர் குடும்பத்துக்கு யார் துணை என்று கேளுங்கள். கேட்ட பின்னர், அவர் உங்கள் வீட்டுக்கு வந்தால் எந்த ஆசனத்தில் அமர்த்துவீர்கள் என்பதை உங்களிடமே கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லக்கூடியவருக்கே கள்ளின் சுவையைப் பற்றிப் பேசும் தகுதி உண்டு.